அபிசீனியாவை நோக்கி நடந்த சிறுவர்கள்

மக்கத்துக் குறைஷிகளின் கொடுமை பொறுக்கவொண்ணாத நிலையை எய்தியபோது, கி.பி. 615-ஆம் ஆண்டில், முஸ்லிம்களில் ஒரு சிறு கூட்டத்தார் பிறந்த மண்ணைத் துறந்து, செங்கடலைக் கடந்து, அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்தனர். பின்னர் எண்பது பேரளவில் அவர்களைத் தொடர்ந்தனர். நஜ்ஜாஷி மன்னரின் அவையில் ஜஅஃபர் இப்னு அபூதாலிப் (ரலி) எழுந்து பேசிய வரலாறு நம்மில் அறியாதார் இலர். ஆனால், வாசக நேயர்களே, அந்த வரலாற்றை நமக்குச் சொன்னவர் யார் என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

உம்மு ஸலமா (ரலி) அவர்கள். பிற்காலத்தில் பெருமானார் (ஸல்) அவர்களின் துணைவியாராகும் பேறு பெற்றவர். அந்நாளிலோ கணவருடன் நாடு துறந்து சென்ற ஓர் இளம்பெண். குறைஷியர் அனுப்பிய தூதர் இருவரும் பதனிட்ட தோல்களைக் காணிக்கையாக ஏந்தி வந்ததும், அரசவைப் பிரதானிகளைத் தனித்தனியே கண்டு வசப்படுத்தியதும், மன்னர் இருதரப்பையும் கேட்ட பின்னரே முடிவு கூறியதும், காணிக்கைகள் வந்த வழியே திரும்பியதும் அவர் வாய்மொழியாகவே இப்னு இஸ்ஹாக்கின் ஏட்டில் இடம்பெற்றன. அகதி ஒருவரின் நினைவுக்குறிப்பு என்று இன்றைய வழக்கில் எதைச் சொல்கிறார்களோ, அது நம் சரித்திரத்தின் முதற்பக்கங்களிலேயே இருக்கிறது.

இதை ஏன் முதலில் நினைவூட்டுகிறேன் என்றால், அதே அபிசீனியாவை நோக்கி, ஏறத்தாழ 1,370 ஆண்டுகள் கழித்து, வேறொரு கூட்டம் நடந்தது. அக்கூட்டத்தில் பெரும்பாலோர் சிறுவர்கள். ஐந்து வயதும் ஏழு வயதும் ஆன பாலகரும் அவர்களில் உண்டு. அவர்களுள் மூவர் வளர்ந்த பின் எழுதிய நூலை அண்மையில் படித்தேன். 'வானிலிருந்து எங்கள்மீது நெருப்பைப் பொழிந்தார்கள்' என்பது தலைப்பின் பொருள். 2005-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பென்சன் தெங், அலெபோன்சியோன் தெங் என்னும் உடன்பிறந்தார் இருவரும், அவர்தம் உறவுச் சகோதரரான பெஞ்சமின் அஜக்கும் மாறிமாறித் தத்தம் கதையைச் சொல்ல, ஜூடி பெர்ன்ஸ்டைன் என்னும் அமெரிக்க மாது தொகுப்பதில் துணை நின்றிருக்கிறார்.

தெற்குச் சூடானில், பஹ்ருல் கஸல் என வழங்கும் பகுதியில், தின்கா இனத்தார் வாழும் சிற்றூரில் பிறந்தவர்கள் இவர்கள். புல் வேய்ந்த குடிசைகள், மாட்டு மந்தைகள், வழக்குத் தீர்க்கும் முதியோர் சபை. இவையே அவர்களுடைய உலகம். வேலிக்கு அப்பால் உலவும் சிங்கமும் மலைப்பாம்புமே அவர்கள் அறிந்த பேரச்சம். ஓர் இரவில் அரசாங்கம் ஆயுதம் கொடுத்து ஏவிய 'முராஹிலீன்' படையினர் ஊரைத் தாக்கினர். தாய் ஒரு திக்கிலும் பிள்ளை ஒரு திக்கிலுமாக மக்கள் இருளில் ஓடினர். முதலில் இருவர், ஈராண்டு கழித்து, ஏழு வயதில், மூன்றாமவர்.

வாசக நேயர்களே, இங்கேதான் ஒரு முள் தைக்கிறது. வந்து தாக்கியவர்கள் முஸ்லிம்கள். அவர்களை ஏவிய கார்த்தூம் அரசு, தான் ஷரீஅத்தை நிலைநாட்டுவதாகப் பறைசாற்றிக்கொண்ட அரசு. ஓடிய பிள்ளைகளோ முஸ்லிம்கள் அல்லர்.

இந்த இடம் வந்ததும் முஸ்லிம் வாசகரின் நெஞ்சுக்குள் ஒரு வழக்கறிஞர் எழுந்து நிற்கிறார். என் நெஞ்சிலும் நின்றார். 'இது நம்மைப் பழிக்க எழுதப்பட்டதோ? மேலைநாட்டுப் பதிப்பாளர் கூட்டியும் குறைத்தும் இருப்பாரோ? ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன நினைவிருக்கும்?' என்றெல்லாம் வாதாடுகிறார். வாதங்களில் திறமை இல்லாமல் இல்லை. ஆயினும் எந்தப் பிள்ளையும் தன் தாய் எங்கே என்பதை அறியாது நின்ற இரவைக் கட்டிச் சொல்ல வேண்டிய தேவை என்ன? நஜ்ஜாஷியின் அவையிலும் வழக்கறிஞர்கள் இருந்தார்கள். குறைஷியரின் அத்தூதர்களே அவர்கள். மன்னர் அவர்கள் பேச்சோடு நின்றுவிடாமல், ஓடிவந்தவர்களை அழைத்துக் கேட்டார். நாமும் நம் வழக்கறிஞரைச் சற்றே அமரச் சொல்லிவிட்டுப் படிப்போம்.

அந்த யுத்தத்தின் காரணங்களையும் அறிந்துகொள்ளுதல் நலம். சூடானின் வடக்கிற்கும் தெற்கிற்கும் இடையே 1955-இல் மூண்ட முதற்போர், 1972-இல் அடிஸ் அபாபா உடன்படிக்கையால் ஓய்ந்தது. தெற்கு தன்னாட்சி பெற்றது. உடன்படிக்கை செய்தவர் அதிபர் நுமைரி. 1978-இல் தெற்கே பெந்தியுவை அடுத்து எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் அவருக்கு அந்தத் தன்னாட்சி கசந்தது. 1983-இல் தெற்கை மூன்று கூறாக்கித் தன் கையெழுத்தைத் தானே அழித்தார். அவ்வாண்டு மே மாதத்தில் போர் நகரில் இராணுவக் கிளர்ச்சி வெடித்தது. ஷரீஅத் சட்டங்கள் அறிவிக்கப்பட்டதோ செப்டம்பரில். மாதங்களின் வரிசையைக் கவனியுங்கள். கலகம் முன்னே வந்தது, மார்க்கம் பின்னே அழைத்துவரப்பட்டது. ஆட்டங்கண்ட அரியணைக்கு முட்டுக்கொடுக்க ஷரீஅத்தை எடுத்தவர் என்றே நுமைரியை நான் கருதுகிறேன்.

அவ்வாறு கருதிய சூடானிய முஸ்லிம்கள் அன்றே இருந்தனர். மஹ்மூது முஹம்மது தாஹா என்னும் முதியவர் அச்சட்டங்களை எதிர்த்தும், தெற்கில் இரத்தம் சிந்துவதை நிறுத்தக் கோரியும் 1984 டிசம்பரில் ஒரு துண்டறிக்கை வெளியிட்டார். 1985 ஜனவரி 18-ஆம் நாள் கார்த்தூமில் அவரைத் தூக்கிலிட்டனர். அவருடைய மார்க்கக் கருத்துகள் பலவற்றை ஆலிம்கள் மறுத்துள்ளனர். அவற்றை இங்கே எடுத்துப் பேச வரவில்லை. தென்னாட்டாரின் குருதிக்காக வடநாட்டு முஸ்லிம் ஒருவர் தம் உயிரைக் கொடுத்தார் என்பதை மட்டும் சொல்லி அமைகிறேன். அதே ஆண்டு ஏப்ரலில் நுமைரி வீழ்ந்தார். போர் வீழவில்லை.

சிரியாவுக்குப் படை அனுப்பிய கலீபா அபூபக்கர் (ரலி) அவர்கள் படைத்தலைவருக்கு இட்ட கட்டளைகளை நீங்கள் பயான்களில் கேட்டிருப்பீர்கள். பெண்டிரையும் பிள்ளைகளையும் முதியோரையும் கொல்லலாகாது; கனிதரும் மரத்தை வெட்டலாகாது; உணவுக்கன்றி ஆட்டையோ ஒட்டகத்தையோ அறுக்கலாகாது. இதன் பக்கத்தில், தின்கா ஊர்களில் நடந்தவற்றை வைத்துப் பாருங்கள். தானியக் குதிர்கள் கொளுத்தப்பட்டன. மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. பெண்களும் பிள்ளைகளும் சிறைபிடிக்கப்பட்டு அடிமை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். வானத்திலிருந்து வந்தவை பெரும்பாலும் குண்டுவீச்சு விமானங்கள் கூட அல்ல. சோவியத் நாட்டு அன்டனோவ் சரக்கு விமானங்கள். பின்கதவைத் திறந்து குண்டுகளை உருட்டித் தள்ளுவார்கள். அப்படித் தள்ளப்படும் குண்டு குடிசையையும் பாசறையையும் பிரித்தறியுமா?

பிள்ளைகள் நடந்தார்கள். இந்நூலாசிரியர்கள் கடந்த தொலைவு மொத்தத்தில் ஆயிரம் மைலுக்கும் மேல். பசியும் தாகமும் காய்ச்சலும் கண்ணிவெடியும் வழிநெடுகக் காத்திருந்தன. பலர் வழியிலேயே வீழ்ந்தனர். சிறு பிள்ளையின் நினைவில் அரசியல் இல்லை, ஆண்டும் தேதியும் இல்லை. உதடு வெடித்ததும், முன்னே செல்பவனின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே நடந்ததும் இருக்கும். இத்தகைய நூல்களை அவசரமாகப் படிக்கலாகாது. நான் இதை இரவில் படிக்கத் தொடங்கிப் பகலுக்கு மாற்றிக்கொண்டேன்.

எத்தியோப்பியாவில் அவர்களுக்கு நஜ்ஜாஷி வாய்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நஜ்ஜாஷியின் அக்ஸூம் அந்நாட்டின் வடபகுதியில் இருந்தது. இச்சிறுவர்கள் வந்து குழுமிய பன்யிடோ முகாம் மேற்கெல்லையில் உள்ளது. அன்றைய அதிபர் மெங்கிஸ்டு அடைக்கலம் தந்தது கார்த்தூமின்மேற் கொண்ட பகையால். முகாமின் நிழலிலேயே தென்னாட்டுக் கிளர்ச்சிப் படையும் சிறுவர்களுக்குத் துப்பாக்கி பழக்கியது. 1991 மே மாதம் மெங்கிஸ்டு ஓட, முகாம்களில் இருந்தோர் துப்பாக்கிமுனையில் விரட்டப்பட்டனர். பெருக்கெடுத்த கிலோ ஆற்றில் இறங்கியவர்களுள் வெள்ளத்துக்கும் தோட்டாவுக்கும் முதலைக்கும் இரையானோர் பலர். அவ்வாண்டின் இறுதியில் தென்னாட்டுப் படைகளே பிளவுண்டு, போர் நகரைச் சுற்றித் தின்கா மக்களைக் கொன்று குவித்தன. ஆகவே, இதை இஸ்லாத்திற்கும் பிறருக்கும் நடந்த போர் என ஒரே வரியில் எழுதி முடிப்பவர், அவர் எந்தப் பக்கத்தவராயினும், இப்பிள்ளைகளுக்கு நேர்ந்ததில் பாதியை மறைக்கிறார்.

1992-இல் கென்யாவின் வறண்ட துர்க்கானா பகுதியில் ககூமா முகாம் எழுந்தது. அங்கிருந்து 2000, 2001 ஆண்டுகளில் நாலாயிரம் பேரளவில் அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். 'தொலைந்த சிறுவர்கள்' என்று உலகம் அவர்களுக்கு இட்ட பெயர் பீட்டர் பான் என்னும் குழந்தைக் கதையிலிருந்து எடுத்தது. உண்மையிலேயே தொலைந்து போனவர்கள் வேறு. அழைத்துச் செல்லப்பட்டோரில் பெண்பிள்ளைகள் நூறு பேர்கூட இல்லை. முகாமுக்கு வந்த அநாதைச் சிறுமியரை ஏதேனும் ஒரு குடும்பத்தோடு சேர்த்துவிடுவது வழக்கம். ஆதலால் 'துணையற்ற பிள்ளைகள்' பட்டியலில் அவர்கள் பெயர் ஏறவில்லை. சேர்க்கப்பட்ட வீட்டில் அவர்கள் தண்ணீர் சுமந்தார்கள், சமைத்தார்கள், வயது வந்ததும் மாடுகளைப் பெற்றுக்கொண்டு மணமுடித்து அனுப்பப்பட்டார்கள். அவர்களுடைய நூலை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அபிசீனியாவில் முஸ்லிம் அகதிகளுக்குப் பிறந்த சிறுமி ஒருத்தி உண்டு. உம்மு காலித் என்று பெயர். மதீனா வந்து சேர்ந்தபின், பெருமானார் (ஸல்) அவர்களுக்கு அன்பளிப்பாக வந்த ஆடைகளில் வேலைப்பாடமைந்த சிறிய கறுப்பாடை ஒன்று இருந்தது. இதை யாருக்கு அணிவிக்கலாம் என வினவிவிட்டு, அச்சிறுமியை வரவழைத்துத் தம் கையாலேயே அணிவித்தார்கள். அணிவித்து, 'ஸனா' என்றார்கள். அது அரபுச் சொல் அன்று. அழகு என்பதற்கு அபிசீனிய மொழியில் வழங்கும் சொல். அகதியாய் வளர்ந்த குழந்தைக்கு அவள் வளர்ந்த நாட்டின் மொழியிலேயே ஒரு சொல்லைச் சொன்னார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். புகாரியில் பதிவாகியுள்ள இச்செய்தியை இந்நூலைப் படித்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

நூல் வெளியான 2005-ஆம் ஆண்டின் ஜனவரியில்தான் அந்த யுத்தம் உடன்படிக்கையால் முடிந்தது. இருபது இலட்சம் பேரளவில் மாண்டிருந்தனர். 2011 ஜூலை 9-இல் தெற்குச் சூடான் தனிநாடாயிற்று. இரண்டரை ஆண்டுக்குள் அங்கேயே மீண்டும் உள்நாட்டுப் போர். வடக்கிலோ, 2023 ஏப்ரலில் இராணுவமும் அதன் துணைப்படையும் கார்த்தூமிலேயே ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. இம்முறை இருபுறமும் முஸ்லிம்கள். ஓடியவர்களும் பெரும்பாலும் முஸ்லிம்கள். இலட்சக்கணக்கானோர் தெற்கே ஜோடா எல்லையைக் கடந்து ரெங்க் நகரை அடைந்தனர். அவர்களிற் பெரும்பகுதியினர், முன்பு தெற்கை விட்டு வடக்கே குடியேறி வாழ்ந்து இப்போது திரும்பும் தென்னாட்டவர். மற்றையோர் கார்த்தூமின் கடைக்காரர்கள், ஆசிரியர்கள், தாய்மார், அவர்தம் பிள்ளைகள்.

ஒருகாலத்தில் அன்டனோவ் விமானங்கள் பறந்துவந்த திக்கிலிருந்து வருகிறவர்கள் அவர்கள். தெற்குச் சூடான் தன் எல்லையை மூடவில்லை. தனக்கே உணவு போதாத நாடு அது. ரெங்கில் வந்திறங்கிய கார்த்தூம் சிறுவர்களுள் ஒருவர் வளர்ந்து தம் நினைவுகளை எழுதக்கூடும். அந்த நூல் நம் கைக்கு வரும் நாளில் நம் நெஞ்சுக்குள் எந்த வழக்கறிஞரும் எழுந்து நிற்கமாட்டார்.