அடி அண்ணாமலை வீட்டுக்கு ஹோம் தியேட்டரா? வாட்ஸைப் பார்க்காதீங்க, ஹாலைப் பாருங்க!

போனஸ் வந்தாச்சு, பெரிய டிவி வாங்கியாச்சு. ஆனா மெல்லிசான டிவியில சவுண்டும் மெல்லிசாத்தான் வருது. உடனே வீட்டில் அடுத்த பேச்சு, "ஒரு ஹோம் தியேட்டர் போட்டா என்ன?" இருபதாயிரம் ரூபாய்க்குள்ள, பாட்டுக்கும் படத்துக்கும் சேர்த்து எதை வாங்கலாம், எதுக்குக் காசு கொடுக்கக் கூடாதுன்னு இந்தப் பதிவில் பார்த்துடலாம்.

உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்குவோம். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே இருக்கிற அடி அண்ணாமலை. பையனுக்கு பெங்களூருல வேலை, மாசத்துல ரெண்டு வாரக் கடைசிதான் ஊருக்கு வருவார். வீட்டில் அப்பா, அம்மா. ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. கீழே டைல்ஸ், மேலே கான்கிரீட். ஊர்ப் பெயரை மாத்தினா, நம்மில் பலருடைய வீடும் இதுதான்.

வாட்ஸ் என்ற மாயை

கோயில் திருவிழாவில் கம்பத்தில் கட்டுற கூம்பு ஸ்பீக்கரைப் பார்த்திருப்பீங்க. அதுக்குக் கொடுக்கிற மின்சக்தி கொஞ்சம்தான், ஆனா தெருக்கோடி வரைக்கும் கேட்கும். காரணம், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அது 100 டெசிபலுக்கு மேல் சத்தம் தரும். வீட்டு ஸ்பீக்கர் அதே ஒரு வாட்டில் 85 முதல் 90 டெசிபல்தான் தரும். இந்த 15 டெசிபல் வித்தியாசத்தை ஈடுகட்ட, வீட்டு ஸ்பீக்கருக்கு சுமார் 30 மடங்கு வாட்ஸ் தேவை. ஆனா அந்தக் கூம்பில் தவில் சத்தம் தகர டப்பா மாதிரிதான் கேட்கும். சத்தம் வேற, தரம் வேற. வாட்ஸ் இது ரெண்டையுமே முழுசாச் சொல்லாது.

இன்னொரு கணக்கு. 10 வாட்ஸை 100 வாட்ஸ் ஆக்கினாலும் நம்ம காதுக்கு சுமார் ரெண்டு மடங்கு சத்தமாத்தான் தெரியும். அதனால பெட்டியில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கிற பி.எம்.பி.ஓ. எண்ணைக் கண்டுக்காதீங்க. ஆர்.எம்.எஸ். எவ்வளவுன்னு கேளுங்க. அதுவும் ஒரு ஸ்பீக்கருக்கா, எல்லாத்துக்கும் சேர்த்தான்னு கேளுங்க. நம்ம ஹாலுக்கு ஒரு ஸ்பீக்கருக்கு 20, 30 வாட்ஸ் தாராளம்.

ஆறு பெட்டியா, ரெண்டு பெட்டியா?

5.1 செட்டில் அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். 18,000 ரூபாய் செட்டை ஆறால் வகுத்தால் ஒரு பெட்டிக்கு 3,000 ரூபாய். அதிலேயே ஆம்ப்ளிஃபையர் செலவும் அடங்கணும். 12,000 ரூபாய்க்கு ரெண்டே ஸ்பீக்கர் வாங்கினால் பெட்டிக்கு 6,000. கையில இருக்கிற அஞ்சாயிரத்தைப் பத்து ஃபண்டுல ஐநூறு ஐநூறாப் பிரிச்சுப் போடுற கதைதான் இதுவும். எண்ணிக்கை கூடும், பலன் கூடாது.

நாம கேட்கிற பாட்டு பெரும்பாலும் இடது, வலது என்று ரெண்டு சேனலில் பதிவானதுதான். அதுக்கு நல்ல ரெண்டு ஸ்பீக்கர் போதும். படத்துக்கு 5.1 நல்லதுதான், மறுக்கலை. ஆனா சின்ன ஹாலில் சோஃபா பின்சுவரை ஒட்டித்தான் கிடக்கும். பின்னாடி ஸ்பீக்கர் வைக்க இடம் எங்கே? கடைசியில் அதையும் டிவி பக்கத்திலேயே வெச்சா, கொடுத்த காசு வீண்.

யார் கேட்கப் போறாங்க?

நிறைய பேர் விடுற கோட்டை இதுதான். ஊருக்கு வரும்போது ரெண்டு படம், படத்துக்கு ரெண்டரை மணி நேரம்னு வைங்க. வருஷத்துக்கு 24 வாரக் கடைசிக்கு 120 மணி நேரம், அஞ்சு வருஷத்துக்கு 600. இருபத்தஞ்சாயிரம் ரூபாய் செட் வாங்கினால் மணிக்கு சுமார் 42 ரூபாய். அதே வீட்டில் அம்மா தினமும் ஒரு மணி நேரம் பாட்டோ சீரியலோ கேட்டால், அஞ்சு வருஷத்தில் 1,825 மணி நேரம். 12,000 ரூபாய் செட்டுக்கு மணிக்கு ஏழு ரூபாய்கூட ஆகாது.

அவங்களுக்கு வேண்டியது அதிருகிற பேஸ் இல்லை, தெளிவா விளங்குற பேச்சு. மூணு ரிமோட்டும் வேண்டாம். எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. வசதி இருந்தால் ஒரே கேபிள் போதும், டிவி ரிமோட்டிலேயே சவுண்டைக் கூட்டலாம், குறைக்கலாம். உங்க டிவியில் அந்த போர்ட் இருக்கான்னு முதல்ல பார்த்துடுங்க. புளூடூத்தில் படம் பார்த்தால் உதட்டசைவுக்குப் பின்னாடி வசனம் வர வாய்ப்பு உண்டு.

அப்போ எதை வாங்கலாம்?

பாட்டுதான் அதிகம்னா, ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கிற ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். பட்ஜெட் சுமார் 8,000 முதல் 12,000 வரை.

டிவியும் படமும்தான் அதிகம்னா, சப்வூஃபரோட வர்ற சவுண்ட்பார். 3.1 கிடைச்சா இன்னும் நல்லது. படத்தில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில்தான் வரும், 3.1-ல் அதுக்குன்னு தனி ஸ்பீக்கர் இருக்கும்.

5.1 வேணும்னா, பின்னாடி இடம் இருக்கிற ஹால், வாரா வாரம் படம் பார்க்கிற ஆட்கள், ரெண்டும் இருக்கணும்.

பெங்களூரு பி.ஜி.-யில தனியாக் கேட்கிறதுக்கு? 2,000 ரூபாய் வயர்டு ஹெட்ஃபோன். அந்த விலைக்கு எந்த ஸ்பீக்கரும் அதைத் தொட முடியாது.

வாங்கும் முன்னாடி, ஹால் நடுவில் நின்னு ஒரு தடவை கை தட்டிப் பாருங்க. கணீர்னு எதிரொலிச்சா, எந்த ஸ்பீக்கர் வந்தாலும் வசனம் குழம்பும். கனமான திரைச்சீலையும் ஒரு தரைவிரிப்பும் போடுங்க. சப்வூஃபரை மூலையில் தள்ளினால் பேஸ் கொழகொழன்னு கேட்கும், கொஞ்சம் நகர்த்தி வைங்க. கடையில் சத்தத்தைக் கூட்டிக் கேட்காதீங்க. குறைச்சு வெச்சு, வசனம் புரியுதான்னு பாருங்க. சர்வீஸ் திருவண்ணாமலையிலேயே உண்டா, இல்லை வேலூருக்கோ சென்னைக்கோ தூக்கிட்டுப் போகணுமான்னும் கேட்டுடுங்க.

இன்னொண்ணு: சட்டப்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலி அளவு 45 டெசிபலுக்குள் இருக்கணும். பேஸ் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகும். நைட் மோடு இருக்கிற மாடலாப் பாருங்க.

'நோ காஸ்ட்' இ.எம்.ஐ. இலவசமா?

இல்லை. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. நடக்கிறது இதுதான்: வட்டிக்குச் சமமான தொகையை விலையில் தள்ளுபடியாக் கொடுத்துட்டு, பிறகு வட்டியா வாங்கிக்கிறாங்க. 20,000 ரூபாய், 12 மாசம், 15 சதவீதம்னா அந்த வட்டி சுமார் 1,535. அதுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 276 ரூபாய். பிராசஸிங் கட்டணம் 199-ன்னு வெச்சா, வரியோட 235. ஆக, 'நோ காஸ்ட்'டுக்கு 511 ரூபாய் காஸ்ட்! ஒரு வருஷத்துக்கு கார்டு லிமிட்டும் முடங்கும்.

அதுக்குப் பதிலா மாசம் 2,000 ரூபாய், ஆறு மாசம் ஆர்.டி. போடுங்க. 12,000 ரூபாயும் கொஞ்சம் வட்டியும் கையில் இருக்கும். அவசர கால நிதி இன்னும் சேரலைன்னா, அதை முடிச்சுட்டு இதுக்கு வாங்க.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்க. உங்க வீட்டில் யார், எதை, எத்தனை மணி நேரம் கேட்கிறாங்கன்னு ஏழு நாள் குறிச்சு வைங்க. அந்தச் சீட்டோட கடைக்குப் போங்க. விற்பனையாளர் வாட்ஸ் சொல்ல ஆரம்பிச்சா, நீங்க மணிக்கணக்கைச் சொல்லுங்க.