வெண்புரவியும் கருங்கழலையும்

ஆஸ்திரியா நாட்டின் ஸ்டைரியா மாகாணத்தில் பீபர் என்றோர் ஊர் உண்டு. வியன்னா நகரத்து ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியில் இசைக்கேற்ப அடியெடுத்து வைத்துக் காண்போரை மயக்கும் லிப்பிசான் குதிரைகளை வளர்க்கும் பண்ணை அங்கேதான் இருக்கிறது. முதன்முதலாக அங்கே செல்பவர் சற்றுத் திகைத்துத்தான் போவார். தாய்க்குதிரை பால்போல் வெளுத்து நிற்கும்; அதன் மடியை முட்டிக்கொண்டிருக்கும் குட்டியோ கரிக்கட்டைபோல் இருக்கும். குட்டி மாறிப்போயிற்றோ என்ற ஐயங்கூட எழலாம். மாறவில்லை. அவ்வினத்துக் குட்டிகள் பெரும்பாலும் கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ பிறக்கின்றன. பிறகு ஆண்டுக்கு ஆண்டு மயிர் நரைத்து, ஏறத்தாழ ஆறு முதல் பத்து வயதிற்குள் முழு வெண்மை எய்துகின்றன.

ஆகவே, நாம் வெள்ளைக்குதிரை என்று போற்றுவது பெரும்பாலும் நரைத்த குதிரையே. அதன் மயிரை விலக்கிப் பாருங்கள். உள்ளே தோல் கன்னங்கறேலென்று இருக்கும். பிறவியிலேயே வெள்ளையான குதிரைகளும் உலகில் உண்டு. ஆனால் அவை மிகச் சில. அவற்றின் தோல் இளஞ்சிவப்பு. நாம் பேசப்போகும் நோய் அவற்றுக்கு உரியதன்று; நரைக்கும் குதிரைக்கே உரியது.

அந்நோய் யாது? தோலுக்கு நிறமூட்டும் உயிரணுக்கள் அளவின்றிப் பெருகித் திரண்டு கட்டியாவதே அது. மருத்துவர் அதனை மெலனோமா என்பர். தமிழில் கருங்கழலை எனலாம். முதலில் பட்டாணி அளவில், கறுப்பாக, வழவழப்பாக, வலியேதுமின்றித் தோன்றும். வாலின் அடிப்புறம், குதத்தைச் சுற்றிய இடம், பிறப்புறுப்பு, உதடு, கண்ணிமை, காதுக்குக் கீழே தாடை முடியுமிடம் ஆகியவை அது விரும்பிக் குடியேறும் இடங்கள். 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில் 296 லிப்பிசான் குதிரைகளைச் சோதித்தபோது, சரிபாதியில் இக்கழலை காணப்பட்டது. வயது முதிர்ந்தவற்றிலோ நான்கில் மூன்று பங்குக்கு இருந்தது.

மனிதருக்கு வரும் மெலனோமாவுக்கு வெயில் ஒரு முக்கிய காரணம் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். குதிரைக்கு அவ்விளக்கம் பொருந்தாது. வாலின் அடியில் வெயில் எங்கே படுகிறது? காரணம் உள்ளேயே இருக்கிறது. 2008-இல் ஸ்வீடன் நாட்டு உப்சாலாவைச் சேர்ந்த அறிஞர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் அதைக் கண்டறிந்தனர். சின்டாக்ஸின் 17 என்னும் மரபணுவினுள் சுமார் 4,600 எழுத்துக்கள் கொண்ட ஒரு பகுதி மிகையாகப் படியெடுக்கப்பட்டிருந்தது. அச்சுக்கோப்பவர் கவனக்குறைவால் ஒரே பத்தியை மறுபடியும் கோத்துவிட்டாற்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு குதிரையில் நேர்ந்த இப்பிழையே இன்று உலகெங்கும் உள்ள நரைக்குதிரைகளுக்கு வழிவழியாக வந்திருக்கிறது.

இப்பிழை நிறமி உயிரணுக்களை ஓயாமல் தூண்டுகிறது. மயிர்க்கால்களில் உள்ளவை இத்தூண்டுதலால் விரைவில் தீர்ந்துபோகின்றன என்றும், அதனாலேயே மயிர் நரைக்கிறது என்றும் ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். தோலில் உள்ளவையோ தீராமல் பெருகுகின்றன, கட்டியாகின்றன. குதிரையின் அழகும் அதன் பிணியும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது எவ்வளவு விந்தை! தாய், தந்தை இருவரிடமிருந்தும் இம்மரபணுவைப் பெற்ற குதிரை விரைவில் வெளுக்கிறது. அதற்குக் கழலையும் மிகுதி. கறுப்பு நிறத்துக்குரிய மரபணு அமைப்பும் உடனிருந்தால் இடர் மேலும் கூடுகிறது.

இனி, வைத்தியத்துக்கு வருவோம். குதிரை வளர்ப்போரிடையே நெடுங்காலமாக ஒரு சொல் வழங்கிவந்தது: “அதைத் தொடாதே, கிழக்குதிரைக்குக் கழலை இருக்கத்தான் செய்யும், கத்தி பட்டால் பரவும்.” இதில் ஓரளவு நியாயமும் இருந்தது. பல கழலைகள் பல்லாண்டுகள் வரை அசையாமல் கிடக்கின்றன. குதிரையும் அவற்றோடு வாழ்ந்து, வேறு காரணத்தால் மடிகிறது. ஆனால் எல்லாம் அப்படியல்ல. சில திடீரென்று வளர்ந்து, ஒன்றோடொன்று பிணைந்து, திராட்சைக் குலைபோல் குதத்தை நெருக்குகின்றன. இலத்தி போடக் குதிரை முக்குகிறது. மேலே தோல் வெடித்து, மைபோன்ற கசிவு வழிய, ஈ மொய்க்கிறது. மண்ணீரல், ஈரல், நுரையீரல் ஆகியவற்றுக்குப் பரவுவதும் உண்டு. உரிமையாளர் அப்போது மருத்துவரிடம் ஓடுகிறார். அவரோ, “இரண்டாண்டு முன்பு வந்திருந்தால் கால்மணி நேர வேலை, இப்போது வெட்டினால் மூடுவதற்குத் தோல் இல்லை” என்று சொல்லவேண்டியதாகிறது. சும்மா விட்டுவைத்ததன் விலை இது.

ஆதலால் இக்காலத்து மருத்துவர் பலர் கூறுவது வேறு. கழலை சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள் என்கின்றனர். குதிரையைப் படுக்கவைக்கவும் வேண்டியதில்லை. நின்றபடியே மயக்கமருந்து சிறிது கொடுத்து, அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து, கத்தியாலோ லேசர் ஒளியாலோ நீக்கிவிடலாம். அடியோடு எடுக்கப்பட்ட சிறு கழலை அதே இடத்தில் மீண்டும் முளைப்பது அரிது. வேறிடத்தில் புதிதாக முளைக்கலாம். குணத்தை மாற்றக் கத்தியால் ஆகாதன்றோ! தாடையோரத்துக் கழலை மட்டும் விதிவிலக்கு. முகத்து நரம்பும் பெரிய இரத்தக் குழாய்களும் அதனூடே செல்வதால், அங்கே கைவைக்க வல்லவரும் தயங்குவர்.

கத்தி எட்டாத இடத்தில் சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தைக் கட்டிக்குள்ளேயே செலுத்துகின்றனர். சிறு கட்டிகளில் இது நன்கு பலிக்கிறது. கையாள்பவர்க்கும் தீங்கு தரவல்ல மருந்தாதலால் கையுறை முதலிய காப்புகள் இன்றியமையாதவை. மனிதரின் வயிற்றுப்புண்ணுக்குக் கொடுக்கும் சிமெடிடின் சில குதிரைகளின் கழலையைச் சுருக்கியதாக 1990-இல் ஒரு செய்தி வெளிவந்தது. குதிரைக்காரர் பலர் ஆவலோடு வாங்கிக் கொடுத்தனர். பிற்காலச் சோதனைகள் அந்த நம்பிக்கையை உறுதிப்படுத்தவில்லை. நாய்களின் மெலனோமாவுக்கென அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட தடுப்பூசி வகை மருந்தைக் குதிரைகளுக்கும் இட்டுப் பார்க்கின்றனர். சிலவற்றில் கட்டி சுருங்கியிருக்கிறது. முற்றும் நம்பத்தக்க மருந்து என்று எதையும் இன்னும் சொல்வதற்கில்லை.

எனவே முதல் வைத்தியம் கண்ணும் கையுமே. தேய்த்துக் கழுவும் வேலையோடு வேலையாக, மாதம் ஒருமுறை வாலைத் தூக்கிப் பார்க்கவேண்டும். தாடையோரம், உதடு, இமை ஆகியவற்றைத் தடவிப் பார்க்கவேண்டும். கண்ட கட்டியை அளவுகோல் வைத்து அளந்து, தேதியிட்டுக் குறித்துக்கொள்ளவேண்டும். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்கு வளர்ச்சி தெரியாது, குறிப்பேடுதான் காட்டிக்கொடுக்கும். சேணமும் கடிவாளமும் உராயும் இடத்தில் கட்டியிருந்தால் அவற்றை மாற்றியமைப்பதும் அவசியம்.

இந்நோயை வேரோடு களையக்கூடாதா என்று மாணவர் ஒருவர் கேட்கலாம். நரைக்குதிரையை இனப்பெருக்கத்துக்கு விடாவிட்டால் போயிற்று. ஆனால் அப்போது வியன்னாவின் வெண்புரவிகளும் இரா. இந்தச் சிக்கலில் 2024-இல் ஒரு புதுச்செய்தி கிடைத்தது. அதற்கு உதவியவை அயர்லாந்தின் கானமாரா மட்டக்குதிரைகள். அவற்றில் சில மெல்லவே நரைக்கின்றன. விரைந்து நரைப்பவைபோல் முழு வெண்மையும் எய்துவதில்லை. ஆராய்ந்ததில், விரைந்து நரைப்பவற்றின் மரபணுவில் அப்பகுதி மூன்று முறையும், மெல்ல நரைப்பவற்றில் இரண்டு முறையும் இருப்பது தெரியவந்தது. கழலை மிகுதி மூன்று படி உள்ளவற்றோடுதான் தொடர்புற்றிருந்தது; இரண்டு படி உள்ளவற்றில் அது புலப்படவில்லை. குட்டியின் உடம்பில் எத்தனை படி உள்ளன என்பதைச் சோதனைச் சாலையில் இனி அறியக்கூடும். பால்வெண்மையில் சிறிது குறைந்தாலும் போதும் என்று பண்ணைக்காரர் இசைவாரா என்பதை மட்டும் எந்தச் சோதனைச் சாலையும் சொல்லாது.