எம்-சாண்டின் விலையில் ஏறாத செலவு

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று கூடும் திருமுக்கூடலை அடுத்து, உத்திரமேரூர் ஒன்றியத்தைச் சேர்ந்த மதூர், பழவேரி, அருங்குன்றம், சிறுதாமூர் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கருங்கல் குன்றுகள், சென்னைக்கும் அதன் புறநகர்ப் பகுதிகளுக்கும் வேண்டிய ஜல்லியையும் எம்-சாண்டையும் பல ஆண்டுகளாகத் தந்து வருகின்றன. அங்கே வெட்டி உடைக்கப்படும் கல் எந்த விலைக்குப் போகிறது, அந்த விலைக்குள் யாருடைய செலவெல்லாம் அடங்கியிருக்கிறது, யாருடைய செலவு அடங்காமல் வெளியே நிற்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேட, நுண்ணியல் பொருளியலின் முதல் சில பாடங்களே போதுமானவை. ஒரு நுகர்வோர், ஓர் உற்பத்தியாளர், ஒரு சந்தை என்று சிறு அலகுகளை எடுத்துக்கொண்டு அவை எப்படி முடிவெடுக்கின்றன என்று ஆராய்வதே நுண்ணியல் பொருளியல்.

எம்-சாண்டுக்குத் தேவை பிறந்த கதை ஆற்று மணலிலிருந்து தொடங்குகிறது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் பாலாற்றில் மணல்தான் நீர்த்தேக்கம். வெள்ளம் வரும் சில நாட்களில் அது குடித்த தண்ணீரையே கரையோரக் கிணறுகள் ஆண்டு முழுவதும் இறைக்கின்றன. ஆற்றுப்படுகையில் இறக்கிய கிணறுகளிலிருந்து தாம்பரம், பல்லாவரம் வரைக்கும் குடிநீர் சென்றிருக்கிறது. மணல் அள்ள அள்ளக் கிணற்று மட்டம் இறங்கியதும், எதிர்ப்பும் வழக்கும் பெருகின. 2003 அக்டோபரில் மணல் குவாரிகளை நடத்தும் உரிமையைத் தனியாரிடமிருந்து எடுத்துப் பொதுப்பணித்துறையிடமே அரசு ஒப்படைத்தது. 2017 நவம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆறு மாதங்களுக்குள் மணல் குவாரிகளை மூட வேண்டும் என்றே ஆணையிட்டது. அந்த ஆணை மேல்முறையீட்டுக்குப் போனாலும், ஆற்று மணல் இனி முன்போலக் கிடைக்காது என்பது கட்டுமானத் துறைக்கு விளங்கிவிட்டது.

ஒரு பண்டத்தின் விலை ஏறும்போது, அதே வேலையைச் செய்யும் வேறொரு பண்டத்தை நோக்கி வாங்குவோர் நகர்வார்கள். அந்த இரண்டாவது பண்டத்தைப் பதிலீட்டுப் பண்டம் என்பர். ஆற்று மணலுக்கு எம்-சாண்ட் அப்படி வந்து சேர்ந்தது. வெடி வைத்துப் பெயர்த்த கருங்கல்லை முதலில் ஜா கிரஷரில் பெருஞ்சில்லாக உடைத்து, அடுத்தடுத்த கிரஷர்களில் சிறிதாக்கி, கடைசியில் வி.எஸ்.ஐ. எனப்படும் இயந்திரத்தில் கல்லோடு கல்லை வேகமாக மோதவிட்டு, மணல் அளவுக்கு வந்ததைச் சலித்து, நுண்துகள் போகக் கழுவி எடுப்பதே எம்-சாண்ட். ஆற்று மணலின் பரல் நீரில் உருண்டு மழுங்கியது. இதன் பரல் கூர்முனை உள்ளது. தொடக்கத்தில் கொத்தனார்கள் இதை நம்பவில்லை. குறிப்பாகப் பூச்சு வேலைக்கு ஆற்று மணல்தான் வேண்டும் என்ற பிடிவாதம் நெடுநாள் நீடித்தது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 383 என்னும் தரவிதி 2016 இல் திருத்தப்பட்டபோது செயற்கை மணலும் அதில் முறையாக இடம்பெற்றதும், பூச்சுக்கென்று பி-சாண்ட் தனியாக வந்ததும் அந்தத் தயக்கத்தைக் குறைத்தன. ஆனால், பெரிதாக உதவியது விலை வேறுபாடுதான் என்று சொல்வதே நேர்மை.

நம்பிக்கையின்மைக்கு வேறொரு நியாயமான காரணமும் இருந்தது. ஜல்லி உடைக்கும்போது மிஞ்சும் கிரஷர் தூளையே எம்-சாண்ட் என்று விற்பவர்கள் உண்டு. கைப்பிடி மணலை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தால், நல்ல எம்-சாண்ட் பரலாகவே நிற்கும், தூள் கலந்தது சேறாகிக் கையில் அப்பும்; ஆனால் லாரி வந்து கொட்டிய பிறகு இந்தச் சோதனையைச் செய்து பயனில்லை. விற்பவருக்குத் தெரிந்த உண்மை வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில், நல்ல சரக்குக்கும் கலப்படச் சரக்குக்கும் வாங்குபவர் ஒரே சராசரி விலையைத்தான் தர முன்வருவார். அந்த விலை கட்டுபடியாகாமல் நல்ல சரக்கை விற்பவர் பின்வாங்க, கலப்படம் சந்தையை நிறைக்கும். இதை 1970 இல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து விளக்கினார். ஆலைகளின் எம்-சாண்ட் தரத்தைப் பொதுப்பணித்துறை மதிப்பிட்டுச் சான்று அளிக்கும் ஏற்பாட்டுக்கான பொருளியல் நியாயம் இதுவே.

இனி வணிகம். ஆற்று மணல் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த 2017 இல் மலேசியாவிலிருந்து 50,000 டன்னுக்கு மேல் மணல் தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்கியது. அதைத் துறைமுகத்தைவிட்டு வெளியே கொண்டுவர அரசு தடை போட, வழக்கு நடந்து, இறக்குமதி மணலைப் பொதுப்பணித்துறையிடம் மட்டுமே விற்கலாம் என்ற ஏற்பாடு பிறந்தது. வெளிநாட்டில் மலிவாகக் கிடைப்பதை வாங்கிக்கொள்வது இரு நாட்டுக்கும் நன்மை என்பது வணிகக் கோட்பாட்டின் அடிப்படை. ஆயினும் அந்தக் கோட்பாடு போக்குவரத்துச் செலவு குறைவாக இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறது. மணலும் ஜல்லியும் எடை மிகுந்தவை, எடைக்கு விலை குறைந்தவை. ஒவ்வொரு கிலோமீட்டரும் விலையில் கனமாக ஏறும். பட்டுப் புடவை காஞ்சிபுரத்திலிருந்து உலகம் சுற்றலாம், ஜல்லியால் முடியாது. வாங்குபவர் ஒருவரே என்ற நிலையும் இறக்குமதியாளருக்கு ஊக்கம் தரவில்லை. ஆகவே ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளும் தாம்பரத்துக்கு அப்பால் முளைத்த குடியிருப்புகளும் கல்லுக்கு மிக அருகில் இருந்த குன்றுகளையே நாடின. பரந்தூர் விமான நிலையம் எழுந்தால் அதற்கும் இதே கணக்குத்தான். உத்திரமேரூர் குன்றுகள் உடைபடுவதற்கு அங்குள்ள கல்லின் சிறப்பைவிட அவை இருக்கும் தொலைவே முதற்காரணம்.

ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எம்-சாண்டாயின் ஏறத்தாழ நாலரை டன். அதன் விலையில் வெடிமருந்து, டீசல், மின்சாரம், கூலி, லாரி வாடகை, அரசுக்குச் செலுத்தும் தொகைகள், லாபம் எல்லாம் உண்டு. சாலையோர நெல் வயலில் இலைமேல் படிந்து ஒளிச்சேர்க்கையைக் குறைக்கும் தூசி அதில் இல்லை. வீட்டுக்குள் தூசி புகுந்து மூச்சிரைப்பு வருபவரின் மருத்துவச் செலவும் வெடி அதிர்வில் விழும் சுவர் விரிசலும் இல்லை. வாங்குபவரும் விற்பவரும் செய்துகொள்ளும் பேரத்தில் பங்கில்லாத மூன்றாம் ஆள்மீது விழும் இத்தகைய பாதிப்பே புறவிளைவு. உற்பத்தியாளர் தம் கையிலிருந்து கொடுக்கும் செலவைத் தனியார் செலவு என்றும், அதனுடன் மூன்றாம் ஆளின் இழப்பையும் கூட்டினால் வருவதைச் சமூகச் செலவு என்றும் பொருளியலாளர் பிரித்துக் காட்டுவர். இரண்டுக்கும் இடைவெளி இருக்கும்வரை, பொருள் உண்மையான விலையைவிட மலிவாக விற்கப்பட்டு, அளவுக்கு மிஞ்சி உற்பத்தியாகும்.

சாலையை எடுத்துக்கொண்டால் இந்த இடைவெளி எண்ணாகவே தெரியும். 1950களின் கடைசியில் அமெரிக்காவில் நடந்த விரிவான சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் பெற்ற முடிவு, அச்சின்மேல் விழும் எடை கூடக்கூட அதன் நான்காம் படிக்கு ஏற்பச் சாலையின் சேதம் கூடும் என்பது. அதன்படி அதிகப் பாரம் ஏற்றிய ஒரு டிப்பர் லாரியின் அச்சு எடை 20 விழுக்காடு கூடினால், சாலைக்கு ஆகும் சேதம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. கூடுதல் பாரத்தின் லாபம் லாரிக்காரருக்கு. குண்டும் குழியுமான சாலையின் செலவு நெடுஞ்சாலைத் துறைக்கும், அதில் மிதிவண்டியில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும். இத்தகைய இடைவெளியை வரியால் நிரப்பலாம் என்று ஆர்தர் பிகூ 1920 இல் எழுதினார்: கெடுதலின் அளவுக்கு ஒத்த வரியைப் போட்டால், கெடுப்பவர் அதையும் தம் செலவாக எண்ணித் தாமாகவே குறைத்துக்கொள்வார்.

தமிழ்நாட்டில் அப்படியொரு வரி வந்துவிட்டது போலத் தோன்றும். கனிம உரிமைத்தொகை வரி ஆகாது, கனிம நிலத்தின்மீது வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 ஜூலை 25 இல் தீர்ப்பளித்ததை அடுத்து, தமிழக அரசு சட்டம் இயற்றி, 2025 ஏப்ரல் 4 முதல் சாதாரணக் கல்லுக்கு டன் ஒன்றுக்கு 90 ரூபாய் நிலவரி விதித்தது. குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சீனியரேஜ் எனப்படும் உரிமைத்தொகை டன்னுக்கு 33 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்ட பிறகே லாரிகள் மீண்டும் ஓடின.

வரியைச் சட்டப்படி செலுத்துபவர் ஒருவர், அதன் சுமையை இறுதியில் தாங்குபவர் வேறொருவர் என்பது பொருளியலில் பழைய செய்தி. விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதைத் தேவை நெகிழ்ச்சி என்பர். விலை ஏறியும் அளவு அதிகம் குறையாவிட்டால் அது நெகிழ்ச்சி குறைந்த தேவை, அங்கே சுமையின் பெரும்பகுதி வாங்குபவர் தலையில் விழும். ஒரு வீட்டுக்கு 20 யூனிட் எம்-சாண்ட் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், டன்னுக்கு 90 ரூபாய் வீதம் கூடுதல் செலவு சுமார் 8,000 ரூபாய். 20 லட்சம் ரூபாயில் வீடு கட்டுபவர் இதற்காக ஓர் அறையைக் குறைக்கப்போவதில்லை. ஆகவே உடைபடும் கல்லின் அளவு அதிகம் குறையாது, வரி வசூல் மட்டும் நன்றாகவே நடக்கும். கருவூலத்துக்கு இது நல்ல வரி. பழவேரியின் தூசிக்கு இது மருந்தாகாது. ஏனெனில் நீர் தெளித்து, கன்வேயரை மூடி, லாரிக்குத் தார்ப்பாய் கட்டி அனுப்பும் கிரஷருக்கும், இவற்றில் ஒன்றையும் செய்யாத கிரஷருக்கும் டன்னுக்கு அதே 90 ரூபாய்தான். பிகூ சொன்னது கெடுதலின் மீது வரி, இதுவோ கல்லின் மீது வரி.

தூசியை நேராகக் கட்டுப்படுத்தும் விதிகள் இல்லாமலில்லை. குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது போன்ற இடவிதிகளை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2004 இலேயே வகுத்தது. கிரஷரின் அருகில் 3 முதல் 10 மீட்டருக்குள் அளந்தால், மிதக்கும் துகள் கனமீட்டருக்கு 600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று மத்திய விதி கூறுகிறது. அளப்பவர் வரும் நாளில் நீர் தெளிக்கப்படும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். குஜராத்தின் சூரத்தில் 2019 இல் தொடங்கிய துகள்மாசு உரிமச் சந்தையில் இந்தச் சிக்கலுக்கு விடை காணப்பட்டது: ஆலைகளின் புகைபோக்கிகளில் இடைவிடாது அளக்கும் கருவிகளைப் பொருத்தி, மொத்த மாசுக்கு உச்சவரம்பு வைத்து, குறைவாக மாசு விட்டவர் மிஞ்சிய உரிமத்தை மற்றவருக்கு விற்கலாம் என்று விட்டபோது, துகள்மாசு 20 முதல் 30 விழுக்காடு வரை குறைந்தது. அந்த ஏற்பாட்டை அப்படியே உத்திரமேரூருக்குக் கொண்டுவர முடியாது. கிரஷருக்குப் புகைபோக்கி கிடையாது. தூசி பல வாயில்களிலிருந்தும் சாலையிலிருந்தும் எழுகிறது. ஆனால் எடைமேடையில் பதியும் பாரத்தையும் தார்ப்பாய் இருந்ததா இல்லையா என்பதையும் கணக்கிட முடியும். டன்னுக்குள்ள தொகையில் ஒரு பகுதியை இவற்றோடு பிணைத்து, ஒழுங்காக நடப்பவருக்குத் தள்ளுபடி தந்தால், அதே வரி வேறு வேலையைச் செய்யத் தொடங்கும்.

அரசு தலையிடாமலே, பாதிக்கப்பட்டோரும் பாதிப்பவரும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ரொனால்டு கோஸ் 1960 இல் வாதிட்டார். உரிமை யாருக்கு என்பது தெளிவாகவும், பேரம் பேசும் செலவு குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. லாரிப் பாதை நெடுகச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தனித்தனியே பேரம் பேச இயலாது. அவர்கள் சார்பில் பேச ஓர் அமைப்பு வேண்டும். அதற்குப் பழைய முன்மாதிரி இதே உத்திரமேரூரில் உண்டு. பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ப் பிரிவுகளான 30 குடும்புகளிலிருந்து குடவோலை வழியே வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையை அவை சொல்கின்றன. அவற்றில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். தேர்தல் முறைக்காகவே அந்தக் கல்வெட்டுகள் புகழ்பெற்றிருந்தாலும், பொருளியல் கண்ணுக்கு அந்த ஆறு பேர்தான் முக்கியமானவர்கள்: ஊர் முழுவதற்கும் பொதுவான ஏரியின் காவலை ஒவ்வொரு குடியும் தனித்தனியே சுமக்காமல் ஓர் அமைப்பிடம் விட்டால் பேரச் செலவு குறைகிறது. இன்றைய கிராம சபை குவாரிக்கு எதிராகத் தீர்மானம் போடலாம். குவாரி உரிமம் வழங்குவது அதன் கையில் இல்லை. கனிமம் எடுக்கும் பகுதி மக்களுக்காக 2015 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளையின் நிதியையாவது, எந்தச் சாலைக்கு, எந்தப் பள்ளிக்கு என்று தூசி விழும் ஊர்களின் சபைகளே முடிவு செய்யுமானால், கோஸ் கேட்ட நிபந்தனையில் பாதி நிறைவேறும்.

குத்தகை முடிந்த பிறகு மிஞ்சும் பள்ளத்தின் கணக்கு தனி. செங்குத்தான சுவர்களோடு நீர் தேங்கி நிற்கும் அந்தப் பள்ளத்துக்கு வேலி போடவும் சரிவைச் சீராக்கவும் ஆகும் செலவு, கல் விற்றுத் தீர்ந்த பின்பு வருவதால் அதைச் செய்ய எவருக்கும் ஊக்கம் இருப்பதில்லை. முதல் லோடு வெளியேறும் முன்பே, மூடும் செலவுக்கு ஈடான வைப்புத்தொகையை வாங்கி வைத்து, வேலை முடிந்ததைப் பார்த்து வட்டியோடு திருப்பித் தருவது இதற்குரிய வழி. தொகை சிறிதாக இருந்தால் உரிமையாளர் அதை இழந்துவிட்டுப் போவதையே லாபமாகக் கருதுவார் என்பதால், பள்ளத்தின் ஆழம் கூடக்கூட வைப்புத்தொகையும் கூட வேண்டும்.