வேலியின் வலிமை மூலையில்

கறவை மாட்டுப் பண்ணைக்குக் கடன் பெறும் வாடிக்கையாளர்கள் பலர், வேலிக்கென ஒரு தொகையை ஒதுக்குகின்றனர். முள்கம்பி மாடுகளின் தோலையும் மடியையும் கிழித்துவிடக்கூடும். ஆதலால், முள்ளில்லாத உயர் இழுவிசைக் கம்பி நல்ல மாற்றாகும். எனினும், அவ்வேலியின் ஆயுளை முடிவு செய்வது கம்பியன்று, மூலைக்காலே.

ஏறத்தாழ 2.5 மி.மீ. தடிமனுள்ள இக்கம்பி ஒவ்வொன்றும் சுமார் 100 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுத்துக் கட்டப்படுகிறது. ஆறு கம்பி வேலியெனில், மூலைக்கால் இரவும் பகலும் 600 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். முட்டின்றித் தனித்து நிற்கும் கால், மழையில் மண் இளகியதும் சாயும். கம்பிகள் அனைத்தும் தொய்ந்துவிடும்.

இதைத் தடுக்கும் அமைப்பு எளியது. வேலி செல்லும் திசையில், வேலி உயரத்தைப் போல் இருமடங்கு தொலைவில் துணைக்கால் ஒன்றை ஆழமாக நட வேண்டும். இரு கால்களின் மேற்பகுதியையும் கிடைச்சட்டம் ஒன்றால் இணைக்க வேண்டும். பின்னர், துணைக்காலின் உச்சியிலிருந்து மூலைக்காலின் அடிக்கு இரட்டைக் கம்பியைச் சாய்வாகக் கட்டி முறுக்க வேண்டும். இக்கம்பியை எதிர்ச்சாய்வில் கட்டினால் பயனில்லை. வேலி திரும்பும் மூலையில், இரு பக்கமும் இவ்வமைப்புத் தேவை.

இடைக்கால்களில் கம்பி நழுவுமாறு தளர்வாகப் பொருத்துக. அப்போதுதான் மாடு மோதும் விசை வேலி நெடுகப் பரவும்.

மதிப்பீடு தயாரிக்கையில், முதலில் மூலைகளுக்கு ஒதுக்கிவிட்டுப் பின்னர் கம்பியைக் கணக்கிடுக. வேலி சாய்ந்தாலும் கடன் தவணை நிற்பதில்லை.