மலிவு தேடும் யாத்திரை

பொருள் தேடிக் கடல் கடப்பது மனித ஜாதிக்குப் புதிதன்று. வறிய நாட்டிலிருந்து செல்வ நாட்டுக்குப் போவதே இதுகாறும் உலக வழக்கம். அவ்வழக்கம் இப்பொழுது தலைகீழாகியிருக்கிறது. சம்பளம் லண்டனிலோ நியூயார்க்கிலோ உள்ள கம்பெனியிலிருந்து வருகிறது. வேலை கைப்பெட்டியில் அடங்கும் கம்ப்யூட்டரில் நடக்கிறது. வாசம் மட்டும் குடிக்கூலியும் சாப்பாட்டுச் செலவும் குறைந்த வேறொரு தேசத்தில். ஈட்டுவதற்கு ஓர் ஊர், செலவழிப்பதற்கு மற்றோர் ஊர் என்னும் இவ்வேற்பாடு 2020-ம் வருஷத்துக் கொள்ளைநோய்க்குப் பின் பெருகிற்று. அவ்வருஷத்திலேயே எஸ்டோனியாவும் பார்படோஸும் இத்தகையோருக்கென்று தனி அனுமதி வகுத்தன. மலேசியா 2022-லும், தாய்லாந்து 2024-லும் அவ்வழியே சென்றன.

இவ்வாறு புறப்படுகிறவனை நாம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த விரும்பவில்லை. சொந்த நகரத்தில் சம்பளத்தின் பெரும்பகுதியைக் குடிக்கூலிக்கே கொட்டிக் கொடுக்கும் ஒருவன், அதே பணத்தில் வேறோரிடத்தில் மானமாக வாழலாம் என்று கண்டால் போகத்தான் செய்வான். இது பழைய தந்திரமுங்கூட. லண்டன் நாகரிகத்தின் சிகரம் என்று புகழப்பட்ட பிரம்மெல் என்னும் கனவான், கடன்காரர்களுக்குத் தப்பி 1816-ல் பிரெஞ்சுக் கரையிலுள்ள கலே நகரில் குடிபுகுந்தார். ஆனால் அக்காலத்தில் போனவர் சிலர். அவர்களை வரவேற்க எந்தச் சர்க்காரும் சட்டம் இயற்றவில்லை. இன்று சர்க்கார்களே வாயிலில் நின்று அழைக்கின்றன. விஷயத்தின் சாரம் அதில்தான் இருக்கிறது.

போர்த்துக்கல் தேசத்தை எடுத்துக்கொள்வோம். 2011-ல் அந்நாடு கடனில் மூழ்கி, ஐரோப்பியக் கூட்டத்தாரிடமும் சர்வதேச நிதி ஸ்தாபனத்திடமும் 7,800 கோடி யூரோ உதவி பெற்றது. கடன் கொடுத்தவர்கள் நிபந்தனை விதித்தார்கள். பழைய குடித்தனக்காரர்களுக்கு இருந்துவந்த வாடகைப் பாதுகாப்பு 2012-ம் வருஷத்துச் சட்டத்தால் தளர்த்தப்பட்டது. அதே வருஷத்தில், ஐந்து லக்ஷம் யூரோவுக்கு வீடு வாங்கும் அந்நியருக்கு வாச உரிமை அளிக்கும் திட்டமும் வந்தது. புதிதாகக் குடிவரும் வெளிநாட்டாருக்குப் பத்து வருஷம் வரிச்சலுகை என்பது 2009-லேயே ஏற்பட்டிருந்தது. இவற்றின் மேல், 2022 அக்டோபரில், தூரத்திலிருந்து வேலை செய்வோருக்கென்று ஒரு விஸாவும் பிறந்தது.

அவ்விஸாவின் கணக்கைச் சற்றுக் கவனிக்க வேண்டும். மனுச் செய்கிறவன் போர்த்துக்கலின் குறைந்தபட்சக் கூலியைப் போல் நான்கு மடங்கு வருமானம் காட்டவேண்டும் என்பது நிபந்தனை. 2025-ல் அந்தக் கூலி மாதம் 870 யூரோ. நான்கு மடங்கு 3,480 யூரோ. அதாவது, உள்ளூர்த் தொழிலாளி ஒருவனுக்கு நான்கு பங்கு பணம் உடையவனையே உள்ளே விடுவோம் என்று சர்க்கார் எழுத்து மூலமாகச் சொல்லியிருக்கிறது. பிறகு இருவரும் லிஸ்பன் நகரத்தில் ஒரே வீட்டின் கதவைத் தட்டுகிறார்கள். வீட்டுக்காரன் யாருக்குச் சாவியைக் கொடுப்பான்? இதை அறிய அர்த்தசாஸ்திரம் படிக்க வேண்டியதில்லை.

வந்தவர்கள் பணத்தைக் கொண்டுவருகிறார்கள், அது ஊருக்கு லாபந்தானே என்று கேட்பாருண்டு. லாபம் உண்டு, நாம் மறுக்கவில்லை. யாருக்கு லாபம் என்பதே கேள்வி. வீடு உடையவனுக்கு உண்டு; காப்பிக்கடை முதலாளிக்கு உண்டு. அக்கடையில் கோப்பை கழுவுகிறவன் நகரத்தை விட்டு வெளியேறி, விடியுமுன் ரெயிலேறி வேலைக்கு வருகிறான். இந்நெருக்கடிக்குத் தூரத்து உத்தியோகஸ்தர்கள் மட்டுமே காரணம் என்று சொல்வதும் நியாயமாகாது. யாத்திரிகருக்கு நாள்வாடகைக்கு விடப்படும் வீடுகளும், பூட்டிக்கிடக்கும் வீடுகளும் பல. பொதுப்பணத்தில் கட்டப்பட்ட வீடுகளோ அந்நாட்டில் நூற்றுக்கு இரண்டு என்ற அளவிலேயே உள்ளன. வலுவற்ற கூரையின் மேல் விழுந்த கடைசி மழை இவர்கள். கூரையைச் செப்பனிடாமல் விட்டவர்கள் வேறு.

ஜனங்கள் வாளாவிருக்கவில்லை. 2023 ஏப்ரல் 1-ந் தேதி லிஸ்பனிலும் பிற நகரங்களிலும் ஆயிரக்கணக்கானோர் வீட்டுரிமை கோரி ஊர்வலம் சென்றனர். அவ்வருஷம் அக்டோபரில் வந்த சட்டம், வீடு வாங்கி வாச உரிமை பெறும் வழியை அடைத்தது. பழைய வரிச்சலுகையும் 2024 முதல் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டது. ஆனால் அடுத்து வந்த மந்திரிசபை, நாள்வாடகை வீடுகளின் மேலிருந்த தடைகளை 2024-லேயே தளர்த்திவிட்டது.

மெக்ஸிகோ நகரத்தின் கதையும் இத்தகையதே. 2022 அக்டோபரில் அந்நகர ஆட்சித் தலைவியாயிருந்த கிளாடியா ஷேன்பாம், தூரத்து உத்தியோகஸ்தர்களை அழைத்துவர ஏர்பிஎன்பி கம்பெனியுடன் உடன்படிக்கை செய்தார். 2025 ஜூலை 4-ந் தேதி ரோமா, கொண்டேசா பகுதிகளில் ஜனங்கள் திரண்டனர். சில கடைகளின் கண்ணாடிகள் உடைந்தன. அந்நியரே வெளியேறுங்கள் என்ற கூச்சல் எழுந்தது. அப்பொழுது நாட்டின் ஜனாதிபதியாகிவிட்ட அதே அம்மையார் அந்தத் துவேஷத்தைக் கண்டித்தார். கண்டித்தது சரியே. கண்ணாடியை உடைப்பதால் குடிக்கூலி ஒரு காசும் குறையாது. ஆனால் கொள்கை வகுத்தவர் எட்டாத தூரத்திலிருக்க, வழிப்போக்கன் மேல் கல் விழுகிறது. ஜனங்களின் கோபம் திசை தவறுவது இப்படித்தான்.

நம் மனத்தை மிகவும் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. அதே போர்த்துக்கலின் தெற்கே ஒடெமிரா என்னும் பிரதேசத்தில், கண்ணாடி போன்ற திரைகளின் கீழ் வளரும் பழங்களைப் பறிப்பவர்கள் இந்தியா, நேபாளம், வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து போன ஏழைகள். 2021-ல் அங்கே நோய் பரவி, இரண்டு வட்டாரங்கள் காவலிட்டு அடைக்கப்பட்டபோதுதான், அவர்கள் ஓர் அறைக்குள் பலராக அடைபட்டுக் கிடந்தது உலகத்துக்குத் தெரிந்தது. வேலை செய்து வரி கட்டியபின் வாச உரிமை கோரும் வழி அவர்களுக்கு ஒன்று இருந்தது. 2024 ஜூனில் அதுவும் மூடப்பட்டது. 3,480 யூரோக்காரனின் வாயிலோ திறந்தே இருந்தது. ஒருவனுக்கு விருந்தாளி என்று பெயர். மற்றவனுக்குக் கூலி என்று பெயர். இலங்கைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர், 1948-ம் வருஷத்துச் சட்டத்தால் பிரஜா உரிமை இழந்ததை அறிந்த நமக்கு, இந்தப் பெயர் வித்தியாசத்தின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நாம் சொல்வது இது. வருகிறவனை விரட்ட வேண்டாம். வரிச்சலுகை கொடுத்து அழைக்கவும் வேண்டாம். ஊராருக்கு என்ன வரியோ அதுவே அவனுக்கும் ஆகுக. அவ்வரியின் ஒரு பகுதி வீடு கட்டுவதற்கென்றே ஒதுக்கப்படுக. குடியிருப்பு வீடுகளைச் சத்திரமாக்குவதற்கு நகரசபை வரம்பு கட்டுக. பழம் பறிக்கும் கைக்கும், கம்ப்யூட்டர் தட்டும் கைக்கும் வாச உரிமையில் ஒரே சட்டம் இருக்கட்டும். போகிறவனும் ஒன்றை நினைவிற் கொள்ளட்டும். விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்குத்தான். அதற்கு மேல் தங்குகிறவன் அவ்வூரின் பாஷையைக் கற்று, அவ்வூரின் பாரத்தையும் சுமக்கவேண்டும். ஒரு நகரம் மலிவாயிருக்கிறது என்றால், அங்கே மனிதரின் உழைப்பு மலிவாயிருக்கிறது என்பதே பெரும்பாலும் பொருள். அந்த மலிவை அனுபவிக்கிறவன், அதை யார் சுமக்கிறார்கள் என்று கேட்கக் கடமைப்பட்டவன். தன் குடிகளுக்குக் கூரை தராமல் பிறர் பணத்துக்குக் கதவு திறக்கும் சர்க்காரோ, தன் ஜனங்களுக்கு முன்னால் பதில் சொல்லியே தீரவேண்டும்.