பொன்னாடை போர்த்தியாச்சு, புத்தகத்தை வாசிச்சாச்சா?

ஹேர்னிங்கில் தமிழ்ப் புத்தகம் ஒன்று வெளியாகிறதென்றால் நிகழ்ச்சி நிரல் எல்லோருக்கும் மனப்பாடம். மங்கள விளக்கு, அகவணக்கம், வாழ்த்துரை, நயவுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, ஏற்புரை. பிறகு வடையும் ரீயும். கடித உறையில் குரோணரை வைத்துக் கொடுத்துப் புத்தகத்தோடு வீடு வருகிறோம். அடுத்த மாதம், "அண்ணை, புத்தகம் எப்பிடி?" என்று கேட்டால், "இனித்தான் வாசிக்கவேணும் தம்பி" என்பதே பதில். நயவுரை சொன்னவரே சிலவேளை முன்னுரையைத் தாண்டியிருக்க மாட்டார்.

பகல் முழுக்கத் தொழிற்சாலையில் நின்றுவிட்டு இரவில் எழுதுகிறவருக்குக் கைதட்டல் வேண்டும்தான். ஆனால் எங்கே கதை இழுபடுகிறது, எந்தப் பாத்திரம் உயிரோடு நிற்கிறது என்று ஒருவரும் சொல்லாவிட்டால், அவருடைய அடுத்த புத்தகம் எப்படி வளரும்?

ஊரில் இப்படி இருக்கவில்லை. 1959 இல் தினகரன் ஆசிரியரான க. கைலாசபதி ஈழத்து எழுத்தாளர்களுக்கு இடம் கொடுத்தார். தயவு தாட்சண்யமின்றி விமர்சிக்கவும் செய்தார். சலூன் தொழிலாளியாக இருந்த டொமினிக் ஜீவா 1966 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மல்லிகை, விவாதங்களுக்குக் களமானது. கைலாசபதியும் சிவத்தம்பியும் ஒரு பக்கம், எஸ்.பொ.வும் மு. தளையசிங்கமும் வேறு பக்கங்களில். அணி பார்த்துப் புகழ்வதும், அணி பார்த்து ஒதுக்குவதும் அப்போதும் நடந்தன. ஆனாலும் கைலாசபதியை எதிர்த்தவர்கள் அவரை வாசித்துவிட்டே எதிர்த்தார்கள்.

நாம் வாழும் நாட்டுக்கும் இது புதிதில்லை. 1871 இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் விரிவுரைகளைத் தொடங்கிய கியோர்க் பிராண்டஸ், காலத்தின் பிரச்சினைகளை விவாதத்துக்கு எடுக்காத இலக்கியம் செத்துப்போகும் என்று வாதிட்டார். அதனால் வந்த பகையில் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைக்காமல் போனது. ஆனாலும் நோர்டிக் நாடுகளின் எழுத்து அவருக்குப் பிறகு வேறு திசையில் போனது. இன்றும் பொலிற்றிக்கன் பத்திரிகை ஒரு நூலுக்கு ஆறில் எத்தனை இதயம் என்று துணிந்து போடுகிறது. ஒரு இதயம் வாங்கிய எழுத்தாளரும் மறுபடி எழுதத்தான் செய்கிறார்.

இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் "அன்மெல்டெல்ஸ" எழுதிப் பழகியவர்கள். பிடித்தது எது, பிடிக்காதது எது, ஏன் என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்தவர்கள். போர், அகதி முகாம், முதல் பனி, தொழிற்சாலை என்று பெற்றோர் தலைமுறை எழுதியவை அலுமாரியில் கிடக்கின்றன. அவற்றில் முதலில் எதை வாசிப்பது என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. தமிழில் எழுதக் கஷ்டமென்றால் டெனிஷில் எழுதட்டுமே.

அடுத்த வெளியீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம். வாழ்த்துரைகளை இரண்டாகக் குறைத்து, புத்தகத்தை ஒரு மாதம் முன்பே இருவரிடம் கொடுப்போம்: ஒருவர் ஊரில் வளர்ந்தவர், மற்றவர் இங்கே வளர்ந்தவர். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். குறையொன்றாவது சொல்லவேண்டும், பக்க எண்ணோடு. எழுத்தாளர் ஏற்புரையில் அதற்குப் பதில் சொல்லட்டும். பொன்னாடையை அதற்குப் பிறகு போர்த்தலாம்.