உங்களுக்குத் தெரியுமா? அமுக்கம் சொல்லும் பொய்க்கணக்கு

சிலிண்டரில் மிச்சம் எவ்வளவு?

லயத்துக் குசினியில் கேஸ் முடியப்போகிறதா என்று பார்க்க 12.5 கிலோ சிலிண்டரைச் சற்றே தூக்கி ஆட்டுவோம். விவரம் தெரிந்த அம்மாக்கள் பக்கவாட்டில் சுடுநீரை ஊற்றித் தடவிப் பார்ப்பார்கள். எந்த மட்டத்துக்குக் கீழே சில்லென்று இருக்கிறதோ, அதுவரை கேஸ். இரண்டும் நல்ல வழிதான். அமுக்கமானியை நம்பினால்தான் மோசம் போவோம். சூடு மாறாதவரை, அடியில் ஒரு கரண்டி திரவம் கிடந்தாலும் நிரம்பிய சிலிண்டரில் காட்டிய அமுக்கத்தையே ஏறக்குறைய அது காட்டும்.

நிலத்தடியில் கணக்கு வேறு

பாறைக்குள் இருக்கும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் திரவமாக இருப்பதில்லை. எடுக்க எடுக்க அமுக்கம் குறையும். எடுத்த அளவை ஒரு பக்கமும் மிஞ்சிய அமுக்கத்தை மறுபக்கமும் வைத்துப் புள்ளியிட்டால் (வாயுவின் விலகல் காரணியால் அமுக்கத்தை வகுத்த பிறகு) ஒரு நேர்கோடு விழும். அதை அமுக்கம் பூச்சியமாகும் இடம்வரை நீட்டினால் மொத்த இருப்பு தெரிந்துவிடும். அடிமட்டமும் பென்சிலும் போதும்.

பிறகு எங்கே தவறுகிறது?

இரத்தினபுரி மாணிக்கக் குழியில் பம்பை நிறுத்தினால் தண்ணீர் ஏறும். ஒவ்வொரு 10 மீற்றர் தண்ணீருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். நிலத்தடிப் பாறையின் துளைகளிலும் நீர் நிற்பதால், அந்தக் கணக்குப்படி 3,000 மீற்றர் ஆழத்தில் ஏறக்குறைய 300 வளிமண்டலம். இது சாதாரண அமுக்கம். ஆனால் சில கடற்படுகைகளில் களிமண் மிக வேகமாகப் படிந்து, உள்ளே இருந்த நீர் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறது. மேலிருக்கும் பாறையின் பாரத்தில் ஒரு பங்கை அந்த நீரே சுமக்கிறது. அமுக்கம் இரட்டிப்பாகவும் ஆகலாம்.

இப்படிப்பட்ட இடத்தில் கேஸ் எடுக்கத் தொடங்கியதும் பாறை நசுங்குகிறது, நுண்துளைகள் சுருங்குகின்றன, அவற்றில் உள்ள நீர் விரிகிறது. மிச்சமிருக்கும் கேஸ் நெருக்கப்படுவதால் அமுக்கம் மெதுவாகத்தான் இறங்கும். சின்னவன் ஐஸ் பக்கட்டை உறிஞ்சும்போது அக்கா அடியைப் பிடித்துப் பிதுக்கினால், உள்ளே இன்னும் நிறைய இருப்பது போலத்தானே தோன்றும்! கோடு சாய்வு குறைந்து நீளும், இருப்பு மிகையாகத் தெரியும். சில வருடங்கள் கழித்து அதே கோடு செங்குத்தாக வளையும்போதுதான் உண்மை வெளிவரும். அதற்குள் குழாயும் போட்டுக் கடனும் வாங்கியிருப்பார்கள்.

டெக்சாஸின் ஆண்டர்சன் எல்

பாடப்புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும் உதாரணம் இந்தக் கேஸ் தேக்கம். ஆழம் சுமார் 3,400 மீற்றர். 350 வளிமண்டலத்தை எதிர்பார்க்கும் இடத்தில் இருந்ததோ 650க்குக் கிட்ட. தொடக்கக் கோட்டை நீட்டியவர்களுக்கு 100 பில்லியன் கனஅடிக்கு மேல் கிடைத்தது. பாறையின் கன அளவை வைத்துப் போட்ட கணக்கு 70 பில்லியன்தான். பாறையும் நீரும் தள்ளும் பங்கைக் கழித்து இருப்பைக் கணிக்கும் முறையை 1971இல் ஹாமர்லிண்டல் என்ற பொறியியலாளர் வெளியிட்டார்.

அறிவிப்பு 20, அங்கீகாரம் 2

2005 ஜூனில், இந்தியாவின் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் 20 ட்ரில்லியன் கனஅடி கேஸ் இருப்பதாக குஜராத் அரசு அறிவித்தது. அமுக்கமும் வெப்பமும் மிகுந்த ஆழக் களம் அது. பின்னர் அங்கீகரிக்கப்பட்ட அபிவிருத்தித் திட்டத்தில் இருந்தது ஏறத்தாழ 2 ட்ரில்லியன். இதற்கு அமுக்கக் கோட்டின் மீது பழிபோட முடியாது. எடுத்துப் பார்க்கும் முன்பே எண்ணைச் சொன்னதுதான் வினை.

நம் மலைக்கடியில் உண்டா?

இல்லை. சப்ரகமுவவின் பாறைகள் ஆழத்தில் வெந்து உருமாறியவை. கேஸ் தங்கும் மணற்பாறை இங்கில்லை. இலங்கையின் கேஸ் மன்னார்க் கடலில் இருக்கிறது. 2011 ஒக்டோபரில் டொராடோ கிணறும் அடுத்த மாதம் பரகுடா கிணறும் அதைக் காட்டின.

நீலக்கல்லுக்குள் ஒரு கேஸ் தேக்கம்

இரத்தினபுரி நீலக்கற்கள் சிலவற்றின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத சிறு குழிகளில் காபனீரொட்சைட்டு அடைபட்டிருக்கிறது, பாதி திரவமாக, பாதி வாயுவாக. 25 பாகையில் அதன் அமுக்கம் 60 வளிமண்டலத்துக்கு மேல். உருப்பெருக்கியின் கீழ் கல்லை வைத்து விளக்கால் மெதுவாகச் சூடேற்றினால் உள்ளே ஆடும் குமிழி சுருங்கி, 31 பாகைக்குள் மறைந்துவிடும். எந்தப் பாகையில் மறைகிறது என்பதைக் குறித்துக்கொண்டால் உள்ளே எவ்வளவு அடர்த்தியாக அடைபட்டிருக்கிறது என்று கணித்துவிடலாம். நீலக்கல் மணற்பாறை போல நசுங்கிக் கொடுப்பதில்லை, ஆகவே இந்தக் கணக்கு ஏமாற்றுவதில்லை. கெவுடா என்னும் வெளிறிய கல்லை நீலமாக்க 1,500 பாகைக்கு மேல் சுடும்போதோ, இந்தக் குழிகள் வெடித்துவிடும். குமிழி முழுதாக இருந்தால், அந்தக் கல் அவ்வளவு சூடான அடுப்பைப் பார்த்ததில்லை.